பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழல்களுக்குத் துருமுறையில் மீண்டும் நிறமேற்றுதல்: முழுமையான வழிகாட்டி

ஈயத்தால் பற்றவைத்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழல்களை மெல்லத் துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருவையே கரிய நிறமாக மாற்றி நிறுத்தும் முறை இங்கே சொல்லப்படுகிறது. குன்னூரில் உரிமம் பெற்ற பட்டறை ஒன்றில் இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்குக் கற்றும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கையில் கெட்ட குழல்களில் பெரும்பாலானவை துருநீர் (துருவை வரவழைக்கும் அமிலக் கரைசல்) பூசும்போது கெட்டவை அல்ல, அதற்கு முந்திய இரண்டு மூன்று நாள்களிலேயே கெட்டுவிட்டவை. ஆகவே ஆயத்தப் படிகளை விரிவாகவும், நிறமேற்றும் சுற்றுகளைத் தேவையான அளவுக்கு மட்டுமாகவும் எழுதுகிறேன்.

1. உரிமமும் முத்திரைகளும்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் மட்டும் உள்ளவர், இந்த வேலையை உரிமம் பெற்ற பட்டறையில்தான் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும். அப்படிக் கொடுப்பவருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். பட்டறையில் என்ன கேட்க வேண்டும், எதை மறுக்க வேண்டும் என்பதை அவர் தெரிந்துகொள்ளலாம்.

துப்பாக்கியை வாங்கியவுடன் திறந்து, இரண்டு அறைகளிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தபின் விரலை விட்டும் பாருங்கள். அதன்பின் உரிமத்தில் உள்ள எண்ணையும் துப்பாக்கியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள்.

குழல்களின் அடித்தட்டையில் (அறைகளின் கீழ்ப்புறத் தட்டைப் பரப்பில்) உள்ள எண், பெயர், சோதனை முத்திரை ஆகியவற்றை இப்போதே தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். துப்பாக்கியின் அடையாள எண்ணையோ குறியையோ அழிப்பதை அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு தடைசெய்கிறது. உப்புத்தாளால் கவனமின்றித் தேய்த்து ஓர் எண்ணை மங்கச் செய்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பட்டறைக்காரர்தான். லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகளின் முத்திரைகளோ அந்தக் குழல் எந்த அளவு அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்பவை; அவை அழிந்தால் துப்பாக்கியின் மதிப்பும் அதைப் பற்றிய அறிவும் ஒருசேரப் போய்விடும்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமதாரர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டிவரும். இந்த வேலைக்கு இரண்டு வாரமாவது தேவைப்படும் என்பதால், தேர்தல் நெருங்கும் காலத்தில் குழலைப் பிரித்துப் போடாதீர்கள்.

2. செய்யலாமா என்று முடிவெடுத்தல்

பழைய நிறம் முக்கால்வாசி நின்றிருந்தால் வேலையை எடுக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேய்ந்து வெளுத்த மூலநிறம், நன்றாகச் செய்த புதுநிறத்தைவிட உயர்ந்தது. ஒருமுறை எடுத்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. துருப்புள்ளிகளை எண்ணெயும் மெல்லிய செம்புத் தகடும் கொண்டு நீக்கி, மெழுகு பூசிக் கொடுத்தாலே அப்படிப்பட்ட துப்பாக்கிக்குப் போதும்.

வேலை தேவை என்று தெரிந்தால் அடுத்து மூன்று சோதனைகள் செய்ய வேண்டும்.

முதலாவது, ரிப் பட்டையின் (இரு குழல்களையும் நீளவாக்கில் இணைக்கும் பட்டையின்) பற்று. குழல்களைத் தனியே கழற்றி, அடியில் உள்ள கொக்கியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டுங்கள். பற்று முழுதாக இருந்தால் கோயில் மணிபோல ஓசை நீண்டு ஒலிக்கும். எங்காவது விட்டிருந்தால் ஓசை மட்டுப்பட்டு, உடைந்த பானையைத் தட்டியதுபோல் கரகரக்கும். பற்று விட்ட குழலுக்கு நிறமேற்றினால், உள்ளே புகுந்த துருநீர் வெளியே வராமல் இரண்டு குழல்களுக்கு நடுவே இருந்து அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே பற்றவைப்பை முதலில் முடியுங்கள். அது தேர்ந்த கையின் வேலை, புதியவர் தொடவேண்டாம்.

இரண்டாவது, சுவரின் கனம். குழலின் நீளம் முழுதும், நான்கு பக்கமும், கனமானியால் அளந்து தாளில் குறியுங்கள். பழைய குழல்கள் பெரும்பாலும் முன்பாதியில்தான் மிக மெலிந்திருக்கும். எங்கேனும் 0.5 மி.மீட்டருக்குக் கீழே இருந்தால் நாங்கள் தேய்க்கவே மறுத்துவிடுகிறோம். அந்தத் துப்பாக்கியைச் சுடவேண்டாம் என்றும் உரிமையாளரிடம் எழுத்தில் சொல்கிறோம். 0.6 மி.மீட்டர் அளவில் இருந்தால் உப்புத்தாள் மட்டும், அரம் கிடையாது. இந்த அளவை எடுக்காமல் குழிகளை அராவத் தொடங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கத்தி வீசுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, குழல் ஒரே எஃகா, அல்லது இரும்பும் எஃகும் முறுக்கிச் சேர்த்த டமாஸ்கஸா என்பது. நிறத்தின் அடியில் வரிவடிவம் மறைந்திருக்கலாம். முன்கட்டை (குழல்களின் அடியில் கைபிடிக்கும் மரக்கட்டை) மூடும் இடத்தில் நகத்தளவு பரப்பைச் சுத்தம் செய்து, எண்ணெய் நீக்கி, மின்னணுப் பலகை அரிப்பதற்கு விற்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். டமாஸ்கஸ் என்றால் ஓரிரு நிமிடத்தில் சுருள்கோடுகள் தோன்றும். உடனே கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்துவிடுங்கள். வெற்று எஃகின்மேல் டமாஸ்கஸ் கோலத்தை அச்சிட்டு விற்ற குழல்களும் உண்டு. சோதனை செய்த இடத்தில் கோலம் காணாமல் போனால் அது அந்த வகை.

3. கொதிகார முறையை ஏன் தவிர்க்க வேண்டும்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், சமவெளியில் உள்ள முலாம்பூச்சுக் கடைகளில் ஒரே மணி நேரத்தில் கருப்பேற்றித் தருவதாகச் சொல்வார்கள் என்பதே. அங்கே காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த நீரை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியசில் கொதிக்கவைத்து அதில் குழலை அமிழ்த்துவார்கள். ஈயப்பற்று உருக 183 டிகிரி வேண்டுமே, 140இல் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. பற்று உருகுவதில்லை, கரைகிறது. காரம் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் தின்றுவிடும். அன்றைக்குக் குழல் பளபளவென்று திரும்பி வரும். சில மாதங்களுக்குப் பிறகு ரிப் பட்டையின் ஓரத்தில் வெள்ளை உப்பு பூக்கும். அதன்பின் பட்டையே கழன்று வரும். பற்றவைத்த குழலுக்கும் டமாஸ்கஸ் குழலுக்கும் மெல்லத் துருப்பிடிக்கும் முறை ஒன்றுதான் வழி.

4. காலமும் பொருள்களும்

மலையில் இந்த வேலைக்கு உகந்த காலம் பிப்ரவரி முதல் மே வரை. டிசம்பர், ஜனவரியில் உதகைப் பக்கம் உறைபனி விழும் நாள்களில் காற்று வறண்டும் குளிர்ந்தும் இருக்கும். துரு ஏறவே ஏறாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர்ப் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மழையோடு மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அப்போது துரு கட்டுக்கடங்காமல் ஏறிக் குழி விழும். ஈரப்பெட்டி ஒன்று இருந்தால் எந்த மாதத்திலும் செய்யலாம் என்றாலும், முதல் குழலை நல்ல பருவத்திலேயே செய்து பழகுங்கள்.

தண்ணீரை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினும் உப்பும் நிறத்தில் திட்டு விழவைக்கும். முதல் மழையில் கூரை கழுவப்பட்டபின் பிடித்த மழைநீர் மிக நல்லது. இல்லாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு குழல்சோடிக்கு 40 லிட்டராவது வேண்டும்.

தொட்டி 90 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம் உள்ளதாக, துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். நாகமுலாம் பூசிய தகட்டிலோ அலுமினியத்திலோ செய்த தொட்டி ஆகாது; அந்த உலோகங்கள் கொதிநீரில் கரைந்து நிறத்தைக் கெடுக்கும். அடியில் இரண்டு அடுப்பு எரியவேண்டும், ஒன்று எரிந்தால் தொட்டியின் ஒரு முனை கொதிக்க மறுமுனை வெறுமனே சுடும்.

மற்றவை: 220, 320, 400 எண் உப்புத்தாள், நுண்ணிய நீள்அரம், மென்மரக் கட்டைகள், சலவைச் சோடா, சாக்குப்பொடி (சாக் எனும் வெண்சுண்ணாம்புக் கல்லின் பொடி), புதிய பருத்திக் கையுறை ஆறு சோடி, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சு, மென்கம்பித் தூரிகை, குழல்வாய்க்கும் அடிப்பக்கத்துக்கும் கூம்பாகக் கடைந்த நான்கு மரமுளைகள். முளைகள் ஒரு சாண் நீளம் வெளியே நிற்கவேண்டும். வேலை முழுதும் குழலைப் பிடிக்கும் கைப்பிடி அவைதான்.

துருநீரைக் கடையில் ஆயத்தமாக வாங்குங்கள். பழைய செய்முறைகளில் மயில்துத்தம், நைட்ரிக் அமிலம், பாதரசக் குளோரைடு எல்லாம் வரும். பாதரசக் குளோரைடு தோல்வழியாகவும் உடம்பில் ஏறும் கொடிய நஞ்சு. அதைக் கலந்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். மயில்துத்தம் சற்றுக் கூடினாலும் இரும்பின்மேல் செம்பு படிந்து, அந்த இடத்தில் துரு ஏறாமல் போகும்.

5. பிரித்தலும் பழைய நிறத்தை எடுத்தலும்

குழல்களை ஆக்‌ஷனிலிருந்து (சுடும் பொறி உள்ள பின்பக்க உலோகப் பெட்டியிலிருந்து) கழற்றி, எக்ஸ்ட்ராக்டரையும் (தோட்டாவை அறையிலிருந்து வெளியே தள்ளும் உறுப்பு) முன்கட்டையையும் தனியே எடுத்து வையுங்கள். குறிமணி (குறிபார்க்கக் குழல்வாயருகே வைத்த சிறு மணி) மரையில் ஏற்றியதாக இருந்தால் கழற்றுங்கள், அடித்து இறக்கியதாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆக்‌ஷன் பெட்டியின் நிறம் வேறு முறையில் வந்தது; குழலுக்குச் செய்யும் எதையும் அதன்மேல் செய்யாதீர்கள்.

பழைய நிறத்தை வெள்ளை வினிகரில் நனைத்த துணியால் எடுக்கலாம். துணியைக் குழல்மேல் சுற்றிக் கால்மணி நேரம் வைத்துத் துடைத்தால் நிறம் கரைந்து வரும். கழிவறை அமிலத்தை யாரும் பயன்படுத்த வேண்டாம். அது நிறத்தை நொடியில் எடுக்கும். அதன் புகையோ பட்டறையில் உள்ள ஒவ்வொரு அரத்தையும் ஓர் இரவில் துருவேற்றிவிடும், ரிப் ஓரத்தில் புகுந்த சொட்டும் பின்னால் தொல்லை தரும். எடுத்து முடிந்ததும் சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உடனே உலர்த்துங்கள்.

நசுங்கல் இருந்தால் தேய்ப்பதற்கு முன்பே உள்ளிருந்து எடுத்துவிட வேண்டும். நசுங்கலை விட்டுவிட்டு மேலே தேய்த்தால், அதைச் சுற்றியுள்ள மேடு மெலிந்து, பின்னால் அதை எடுக்கும்போது அந்த இடம் காகிதமாகிவிடும்.

6. தேய்த்தல்

இந்தப் படிக்கு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். நிறம் என்பது மெல்லிய துருப்படலம்; கீழே உள்ள கீறலையோ அலையையோ அது மறைக்காது, கருமையால் இன்னும் எடுத்துக்காட்டும்.

சுழலும் துணிச்சக்கரத்தில் குழலைப் பிடிக்காதீர்கள். சக்கரம் மென்மையான இடத்தை அதிகமாகவும் கடினமான இடத்தைக் குறைவாகவும் எடுக்கும். எழுத்துகளின் விளிம்பை மழுக்கும். குழலின் நீளவாக்கில் நீர் அலைபோன்ற மேடுபள்ளத்தை உண்டாக்கும். அந்த அலை வெள்ளை உலோகத்தில் தெரியாது. ஆறாவது சுற்று முடிந்து குழலைச் சன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்க்கும்போது தெரியும், அப்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

எழுத்து, முத்திரை, செதுக்குவேலை உள்ள இடங்களை முதலில் தடித்த ஒட்டுநாடாவால் மூடுங்கள். குழிகள் உள்ள இடத்தில் மட்டும், கனம் இடம்கொடுத்தால் மட்டும், அரத்தை இரு கையாலும் குறுக்காகப் பிடித்து நீளவாக்கில் இழுங்கள். ஒரே இடத்தில் நிற்காமல் ஒரு முழ நீளத்துக்கு இழுத்துக்கொண்டே குழலை மெல்லத் திருப்பவேண்டும். நின்றால் தட்டை விழும். ஒரு குழியை முற்றிலும் எடுக்க வேண்டுமென்றால், அதன் ஆழம் அளவு உலோகத்தைச் சுற்றிலும் இழக்கவேண்டும் என்பதை மறவாதீர்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட குழலில் சில குழிகள் இருப்பது குறையன்று. அவற்றை விட்டு வையுங்கள்.

பிறகு 220 எண் தாளைக் கட்டையில் சுற்றி, எண்ணெயிட்டு, குழலின் நீளவாக்கிலேயே தேய்த்து, அரத்தின் கோடுகள் மறைந்தபின் 320க்கும், அதன் கோடுகள் மறைந்தபின் 400க்கும் போங்கள். விரலால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் ரிப் பட்டையின் கூர்விளிம்பு உருண்டுவிடும். கட்டை இருந்தால் விளிம்பு நிற்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் கட்டையை மாற்றுங்கள். முந்திய தாளின் ஒரு மணல் பழைய கட்டையில் ஒட்டியிருந்தால்கூட 400இன்மேல் நீளமாக ஒரு கோடு போட்டுவிடும்.

400இல் நிறுத்திவிடுங்கள். கண்ணாடிபோல் மெருகேற்றிய இரும்பில் துருநீர் பிடிக்காமல் முத்துமுத்தாய்த் திரளும், நிறம் திட்டுத்திட்டாகும். மெருகேற்றினால் வேலை உயர்ந்ததாகத் தெரியும் என்று நினைத்து 1000 வரை போன புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் 400க்குத் திரும்பி வந்தே ஆகவேண்டியிருந்தது.

7. எண்ணெய் நீக்கம்

என் அனுபவத்தில் பத்தில் ஏழு தோல்விகள் இந்தப் படியில்தான் விளைகின்றன.

இரு குழல்களுக்கும் ரிப் பட்டைகளுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டு. பல பத்தாண்டுகளாகப் பூசிய எண்ணெய் நுண்ணிய விரிசல் வழியே அங்கே சேர்ந்து பிசினாகக் கிடக்கும். வெளியே எவ்வளவு துடைத்தாலும், கொதிநீரில் இட்டதும் அந்த எண்ணெய் இளகிக் கசிந்து, ரிப் ஓரம் முழுதும் நிறமேறாத வெள்ளைக் கோடாக நிற்கும்.

ஆகவே முதலில் குழல்களின் உள்ளும் புறமும் துடைத்து, லிட்டருக்கு ஏறக்குறைய 50 கிராம் சலவைச் சோடா கரைத்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவையுங்கள். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தைக் காகிதத்தால் வழித்தெடுத்துவிட்டுத்தான் குழலை வெளியே தூக்கவேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போது அந்தப் படலமே குழல்மேல் படியும். நீரை மாற்றி மறுபடியும் கொதிக்கவையுங்கள். எண்ணெய் மிதப்பது நிற்கும் வரை இதைத் தொடருங்கள். சில குழல்களுக்கு ஐந்து முறைகூடத் தேவைப்பட்டது. காஸ்டிக் சோடா போட்டால் ஒரே முறையில் போகுமே என்று தோன்றும். மூன்றாம் படியில் சொன்ன காரணத்தால் அது கூடாது.

மலையில் எல்லார் வீட்டிலும் இருக்கும் நீலகிரித் தைலம் பழைய எண்ணெய்ப் பிசினை நன்றாகவே கரைக்கும். சோடாவில் கொதிக்கவைப்பதற்கு முன்பு ரிப் ஓரங்களில் அதைத் தடவி ஊறவிடலாம். கடைசித் துடைப்புக்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள், அதுவும் ஓர் எண்ணெய்தான்.

கடைசிக் கொதிப்புக்குப் பின் முளைகளை அடித்து, புதுக் கையுறை அணிந்து, சாக்குப்பொடியை நீரில் குழைத்துப் பருத்தித் துணியால் தேயுங்கள். பின் தூய நீரைக் குழல்மேல் ஊற்றிப் பாருங்கள். நீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் எண்ணெய் இல்லை. எங்கேனும் படலம் பிளந்து துளியாக ஒதுங்கினால் அங்கே எண்ணெய் இருக்கிறது, மறுபடியும் தேயுங்கள். தாமரை இலைமேல் நீர் ஓடுவதுபோல் ஓர் இடத்திலாவது ஓடினால் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

இந்த நொடியிலிருந்து வெறுங்கை குழலைத் தொடக்கூடாது. ஒருமுறை பையன் ஒருவன் குழல் நழுவிவிடுமோ என்று பதறிக் கட்டைவிரலால் தாங்கினான். உடனே எதுவும் தெரியவில்லை. மூன்றாம் சுற்றில் அவன் கைரேகை முழுதாகக் குழல்மேல் மலர்ந்தது. அந்தக் குழலை 320 எண் தாளிலிருந்து மறுபடியும் தொடங்கினோம்.

8. துருநீர் பூசுதல்

சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் அந்த நாளுக்கு வேண்டியதை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். மிஞ்சியதைப் புட்டியில் திருப்பி ஊற்றினால் முழுப் புட்டியும் கெடும். பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, உலர்ந்ததோ என்று ஐயப்படும் அளவுக்கு வந்தபின் அடிப்பக்கத்திலிருந்து குழல்வாய் வரை ஒரே நீள இழுப்பாக இழுங்கள். போன இடத்தில் மறுபடியும் போகாதீர்கள். குழல் ஈரமாகி மினுங்கவேண்டும், நீர் ஓடக்கூடாது.

புதியவர்கள் அதிகம் பூசினால் அதிகம் கருக்கும் என்று எண்ணுகிறார்கள். வழிந்த இடத்தில் அமிலம் இரும்பை அரித்துச் செம்புநிறக் கறையாகப் படியும்; அந்தக் கறை கடைசிவரை போகாது. குறிப்பாக முதல் பூச்சு மிக மிக மெல்லியதாக இருக்கட்டும், ஏனென்றால் அடுத்த எல்லாப் பூச்சுகளும் அதன்மேல்தான் நிற்கின்றன.

9. ஈரப்பெட்டி

குழல் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி செய்து, அடியில் 40 வாட் குண்டு பல்பும் அகன்ற தட்டில் நீரும் வையுங்கள். உள்ளே 25 முதல் 30 டிகிரி வெப்பமும் 70 முதல் 80 விழுக்காடு ஈரமும் இருந்தால் போதும். மழைக்காலத்தில் தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டுப் பல்பை மட்டும் எரியவிடுங்கள்.

பெட்டி வெப்பமாகவும் குழல் குளிர்ந்தும் இருந்தால், உள்ளே வைத்ததும் குழல்மேல் பனித்துளி படியும். ஒவ்வொரு துளியும் ஒரு வட்டப் புள்ளியாக நின்றுவிடும். குன்னூரில் காலை நேரத்தில் இது அடிக்கடி நடக்கும். ஆகவே பூசுவதற்கு முன்பே குழலை அரைமணி நேரம் பெட்டிக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, பிறகு பூசுங்கள்.

முதல் பூச்சுக்கு மூன்று மணி நேரத்தில் பார்க்கத் தொடங்குங்கள். குழல் முழுதும் மஞ்சள்பொடி தூவியதுபோல் ஒரே சீரான மெல்லிய துரு படர்ந்திருந்தால் எடுத்துவிடலாம். பின்வரும் பூச்சுகளுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். துரு சொரசொரப்பாகித் தடிக்கத் தொடங்கினால் இரும்பு அரிக்கப்படுகிறது என்று பொருள்.

10. கொதிநீரில் இடுதல்

செந்துருவைக் கொதிநீர் கருந்துருவாக மாற்றுகிறது. சிவந்த துரு மேலும் மேலும் வளரும் தன்மையுள்ளது. கருந்துரு இரும்போடு ஒட்டி நின்று அதைக் காப்பது.

இங்கேதான் மலைக்காரர்கள் சமவெளிக் கணக்கை விட்டுவிடவேண்டும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும் நீர், சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் 94 டிகிரியிலும், 2,240 மீட்டரில் உள்ள உதகையில் 93 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவும் கொதித்துவிடுகிறது. கொடைக்கானலிலும் ஏறக்குறைய உதகையின் கணக்குதான். குக்கர் இல்லாமல் பருப்பு வேகத் தாமதமாவது எதனாலோ, அதனால்தான் இதுவும். சமவெளியில் பத்துப் பதினைந்து நிமிடம் என்று சொல்வதை நாங்கள் இங்கே இருபத்தைந்து முதல் முப்பது நிமிடமாக வைத்திருக்கிறோம். பாதி மாறிய துரு பழுப்புக் கலந்த கருப்பாக இருக்கும். அதை எடுத்துத் தேய்த்தால் தூளாக உதிர்ந்துபோய், செய்த சுற்று வீணாகும்.

கொதிக்கவைக்கும்போது முளைகளைக் கழற்றிவிடுங்கள். அடைத்த குழலுக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிந்து முளையைத் துப்பாக்கிக் குண்டுபோல் எறிந்துவிடும்; கொதிநீர் முகத்தில் தெறிக்கும். உட்புறத்திலும் எண்ணெய் நீக்கியிருப்பதால் திறந்து கொதிக்கவைப்பதில் கேடில்லை. இரண்டு கொக்கிக் கம்பிகளில் குழலைத் தொங்கவிட்டு, தொட்டியின் அடியைத் தொடாமல், நன்றாகக் கொதிக்கும் நீரில் ஒரே மூச்சில் அமிழ்த்துங்கள். மெல்ல இறக்கினால் நீர்மட்டத்தில் கோடு விழும்.

எடுத்ததும் குழலைச் சாய்த்துப் பிடியுங்கள். தன் சூட்டிலேயே அது உலர்ந்துவிடும். ரிப் ஓரத்தில் தங்கும் நீரைத் தூய காற்றால் ஊதி எடுத்து, உட்புறத்தைத் துணியால் துடைத்து, முளைகளை மீண்டும் மாட்டுங்கள்.

11. தேய்த்தெடுத்தலும் சுற்றுகளும்

குழல் இப்போது கரிய வெல்வெட் துணிபோல இருக்கும். எஃகுப் பஞ்சாலோ மென்கம்பித் தூரிகையாலோ, தூசி தட்டும் அளவு அழுத்தத்தில், உதிரும் துருவை மட்டும் எடுங்கள். அடியில் வெளிர்சாம்பல் நிறம் தெரியும். இவ்வளவுதானா என்று மனம் சோரவேண்டாம், முதல் சுற்றின் நிறம் எப்போதும் அவ்வளவுதான்.

கடையில் வாங்கும் எஃகுப் பஞ்சு துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியே வரும். அதை ஸ்பிரிட்டில் அலசி உலர்த்தாமல் பயன்படுத்தினால், ஏழாம் படியில் பட்ட பாடு முழுதும் ஒரே தேய்ப்பில் போய்விடும்.

பூசு, துருவேற்று, கொதிக்கவை, தேய்த்தெடு: இது ஒரு சுற்று. நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு சுற்று முடியும். மூன்றாவதில் சாம்பல் கருக்கத் தொடங்கும். ஆறு முதல் எட்டுச் சுற்றில் முழு நிறம் நிற்கும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நிறத்தில் வேறுபாடு இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். அதன்மேல் பூசுவது மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குமே தவிரக் கருமையைக் கூட்டாது.

நடுவே எங்கேனும் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் பூசி ஒப்பேற்ற முயலாதீர்கள். குழல் முழுதையும் சாக்குப்பொடியால் தேய்த்து, முழுதும் பூசுங்கள். இரண்டு சுற்றில் திட்டு தானாகச் சேர்ந்துகொள்ளும். சேராவிட்டால் அது ரிப்பிலிருந்து கசியும் எண்ணெய். சோடாக் கொதிப்புக்குத் திரும்புங்கள்.

12. டமாஸ்கஸ் குழல்களுக்கு உள்ள வேறுபாடு

இரும்பும் எஃகும் வெவ்வேறு அளவில் துருப்பிடிப்பதால்தான் கோலம் தெரிகிறது. பழுப்பு நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் கொதிக்கவைக்காமல், துருவேற்றித் தேய்த்தெடுப்பதை மட்டும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்து, கடைசியில் வெந்நீரால் கழுவி நிறுத்துங்கள். கருப்பு வெள்ளைக் கோலம் வேண்டுமென்றால், கொதிக்கவைத்துத் தேய்த்தபின் நீர்த்த ஃபெரிக் குளோரைடைச் சில நொடிகள் தடவி உடனே கழுவுங்கள். ஒரு பாகம் வெளுத்து மறுபாகம் கருமையாய் நிற்கும். இந்தச் சில நொடிகளை எண்ணிச் செய்யவேண்டும். நேரம் கூடினால் கோலம் கைக்கு நெருடும்படி பள்ளமாகிவிடும்.

கோலம் எவ்வளவு அழகாக எழுந்தாலும் குழலின் வலிமை ஒரு நூலளவும் கூடுவதில்லை. கரும்பொடிக்கு (பழங்காலக் கரிமருந்துக்கு) மட்டும் சோதிக்கப்பட்ட டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டாவைப் போடக்கூடாது என்பதை, வேலை முடித்துக் கொடுக்கும் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

13. துருவை நிறுத்துதல்

கடைசிச் சுற்று முடிந்ததும், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்த நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, தூய நீரில் மறுபடியும் கொதிக்கவையுங்கள். செதுக்குவேலையின் பள்ளங்களிலும் ரிப் ஓரங்களிலும் தங்கிய அமிலம் இதில் மாறும். இன்னும் சூடாக இருக்கும்போதே குழலை அடுப்பின் அருகில் சாய்த்து வைத்து, வெற்றிடத்தில் உள்ள ஈரம் முழுதும் போகும்வரை ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். ஊதுகுழல் நெருப்பைக் காட்டாதீர்கள். ஓரிடத்தில் 183 டிகிரியைத் தாண்டினால் ரிப் பட்டை எழுந்துவிடும்.

பிறகு எண்ணெயைத் தாராளமாகப் பூசி ஒரு நாள் முழுதும் விட்டுவையுங்கள். எண்ணெய் பட்டதும் சாம்பல் கலந்த கருமை ஆழ்ந்த நீலக்கருப்பாக மாறும். குழலின் உட்புறத்தை எண்ணெய்த் துணியாலும் பித்தளைத் தூரிகையாலும் சுத்தம் செய்து வெளுப்பாக்குங்கள்.

துப்பாக்கியை உடனே கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாரம் பட்டறையில் வைத்து, நாள்தோறும் வெள்ளைத் துணியால் ரிப் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு வந்தால் உள்ளே அமிலம் உயிரோடு இருக்கிறது. சோடாக் கொதிப்பை மறுபடியும் செய்யுங்கள். அவசரப்படும் உரிமையாளர்களுக்காக இந்த ஒரு வாரத்தைக் குறைத்து நான் இரண்டு முறை குழலைத் திரும்ப வாங்கியிருக்கிறேன், இப்போது குறைப்பதில்லை.

14. பூட்டுதலும் ஒப்படைத்தலும்

எக்ஸ்ட்ராக்டரையும் முன்கட்டையையும் மாட்டி, எண்ணும் முத்திரைகளும் முதல்நாள் படத்தில் உள்ளதுபோலவே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, கனத்தை மீண்டும் அளந்து, முன் அளவோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

மலையில் வைத்திருப்பவருக்கு எண்ணெய் மட்டும் போதாது. ஜூனில் மழை இறங்குவதற்கு முன் தேன்மெழுகு கலந்த பூச்சை மெல்லத் தடவி வைக்கச் சொல்லுங்கள். தோல் உறையிலோ துணிப்பையிலோ வைத்தால் உறை ஈரத்தை இழுத்துக் குழல்மேல் வைத்துக்கொண்டிருக்கும். திறந்த மரத் தாங்கியில், பூட்டிய அலமாரிக்குள், சிலிக்கா ஜெல் பையோடு வைக்கவேண்டும். அந்தப் பைகளை மாதம் ஒருமுறை வெயிலிலோ அடுப்பின் அருகிலோ உலர்த்தவேண்டும். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை அலமாரியைத் திறந்து, குழலை எண்ணெய்த் துணியால் ஒருதரம் துடைத்து, வெறுங்கை பட்ட இடத்தை மறுபடியும் துடைத்துவிட்டு வைத்தால் போதும்.